நூறு ஸ்தோத்திரம்

இல்ல தம்பி, நீங்க ஜன்னல் பக்கமே இருங்க. எனக்கு இடுப்புல பிளேட் வச்சிருக்கு. ஓரமா இருந்தாத்தான் காலை நீட்ட முடியும். கோவில்பட்டிதானே? நானும் அங்கதான்.

நீங்க கிறிஸ்தவங்களா? இல்லையா. சரி, அதனால என்ன. ஏன் கேட்டேன்னா, நான் உக்காரும்போது ஸ்தோத்திரம்னு சொன்னேன், நீங்க சட்டுன்னு திரும்பிப் பாத்தீங்க. உங்களச் சொல்லல. ஆண்டவரைச் சொன்னேன். நன்றின்னு அர்த்தம். நீங்க தள்ளி உக்காந்தீங்க, எனக்கு இடம் கிடைச்சிது, அதுக்காக ஆண்டவருக்கு ஒரு ஸ்தோத்திரம். அது வாயில தானா வந்துரும். நாப்பது வருஷப் பழக்கம்.

என் பேரு ஞானசிகாமணி. உபதேசியாரா இருந்து ரிட்டயர்டு ஆனேன், ஆனாலும் ஊர்ச் சபை வேலைய விடல. உபதேசியார்னா, எங்க பக்கம் பாதிரியாரை ஐயர்னு சொல்லுவோம், அந்த ஐயருக்குப் பத்துப் பன்னெண்டு சபை இருக்கும், எல்லா ஊருக்கும் அவரால போக முடியாதுல்லா, அப்ப ஊருக்கு ஒரு உபதேசியார் இருந்து ஆராதனை நடத்தணும், சீக்காளியப் பாக்கணும், சாவு வீட்டுல ஜெபம் பண்ணணும். அந்த வேலைதான். திசையன்விளைக்குப் பக்கத்துல இருக்கோம். காலையில அஞ்சரை மணிக்குப் புறப்பட்டது. திருநெல்வேலியில வந்து இந்த பஸ்ல ஏறினேன். அசதியா இருக்கு தம்பி. உடம்பு அசதியான்னு கேட்டா சொல்லத் தெரியல.

என் வீட்டுக்காரி நேத்தே கோவில்பட்டிக்குப் போயிட்டா. தனியாத்தான் போனா. நீங்க நாளைக்கு வாங்கன்னுட்டா.

அதைச் சொல்லணும்னா முதல்ல இருந்து சொல்லணும். உங்களுக்குத் தூக்கம் வந்தாத் தூங்குங்க.

எனக்கு இருபத்தொன்பது வயசுல ஒரு ஜீப் கவுந்துது. கன்வென்ஷன்னு மூணு நாள் பிரசங்கக் கூட்டம், அது முடிஞ்சு வந்துகிட்டிருந்தோம், நானும் செல்லப்பா உபதேசியாரும், ஓட்டுன பையன் ஒருத்தனும். அவங்க ரெண்டு பேரும் அந்த இடத்துலயே போயிட்டாங்க. எனக்கு இடுப்பு. நாலு மாசம் ஆஸ்பத்திரியில மல்லாக்கப் படுத்தே கிடந்தேன். புரள முடியாது. மேல ஃபேன் ஒண்ணு சுத்தும். அப்ப மனசுல ஒரு கேள்வி வரும் பாருங்க, ஏன் அவங்க, ஏன் நான் இல்லன்னு. அது உள்ள வந்துட்டா ஆளைத் தின்னுரும். வரவிடக் கூடாதுன்னு எண்ண ஆரம்பிச்சேன். ஃபேன் சுத்துது, ஸ்தோத்திரம். நர்சம்மா கஞ்சி கொண்டாந்தா, ஸ்தோத்திரம். கட்டைவிரல் அசையுது, ஸ்தோத்திரம். ஒரு நாளைக்கு நூறு எண்ணுவேன். நூறு முடியுற வரைக்கும் அந்தக் கேள்வி வராது. முடிஞ்சதும் மறுபடி ஒண்ணுல இருந்து.

அதுதான் என்னை எழுப்பி உக்கார வச்சுது. இதை நான் சும்மா பெருமைக்குச் சொல்லல. எல்லாத்துலயும் ஸ்தோத்திரம் சொல்லணும்னு வேதத்துல இருக்கு. நெறைய பேரு வாசிப்பாங்க. நான் செஞ்சேன். செல்லப்பாவுக்காகவும் அந்தப் பையனுக்காகவும் நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விட்டதில்ல. ஆண்டவர் எனக்கு அந்த பெலத்தைக் குடுத்தாரு.

கல்யாணம் ஆனதும் அதைக் குடும்ப ஜெபமாவே வச்சிட்டேன். காலையில அஞ்சு மணிக்கு. நான் ஒண்ணொண்ணாச் சொல்லுவேன், அன்னபாக்கியம் ஆமென் சொல்லணும். அன்னபாக்கியம்தான் என் வீட்டுக்காரி. பிள்ளைங்க சின்னதா இருக்கும்போது அதுங்களும் உக்காரும். தலையாட்டித் தலையாட்டித் தூங்கும். இப்ப ரெண்டும் வெளியூரு. நாங்க ரெண்டு பேருதான்.

நூறுன்னா நூறு. ஒரு நாள் குறைஞ்சதில்ல. பம்புல தண்ணி வந்ததுக்கு, ஆமென். ஒரு கண்ணுல புரை விழுந்தாலும் இன்னொரு கண்ணு தெரியுறதுக்கு, ஆமென். அவளுக்கு முட்டி வலி. தரையில உக்கார முடியல, நாற்காலி போட்டுக்கிடட்டுமான்னு கேட்டா. வலிக்கும் ஸ்தோத்திரம் சொல்லுவோம், வலி தெரியுதுன்னா உசுரு இருக்குன்னு அர்த்தம்னேன். கொஞ்சம் பொறுத்து ஆமென் சொன்னா. அந்த மாதிரி ஒரு மனைவி அமையுறது கஷ்டம். அதுக்கும் தினம் ஒரு ஸ்தோத்திரம் உண்டு, எழுபத்து மூணாவதோ நாலாவதோ. பேரச் சொல்ல மாட்டேன். நல்ல துணைக்காகன்னு பொதுவாச் சொல்லுவேன். அதுக்கும் அவதான் ஆமென் சொல்லுவா.

போன வருஷம் இதே மாசம் ரஞ்சிதம் தவறிட்டா. அன்னபாக்கியத்தோட தங்கச்சி. தங்கச்சின்னா பதினோரு வயசு வித்தியாசம். ரஞ்சிதம் பொறந்த மூணாம் மாசமே அவங்க அம்மா போயிட்டாங்க. தூக்கி வளத்தது எல்லாம் இவதான். எங்க கல்யாணத்துக்கு அப்புறமும் ரஞ்சிதம் எங்க வீட்டுலதான் இருந்தா. அங்க இருந்துதான் கோவில்பட்டிக்குக் கட்டிக் குடுத்தோம். மாப்பிள்ளை தேவசித்தம், ஃபோட்டோ ஸ்டுடியோ வச்சிருக்கான், நல்ல பையன். மஞ்சக்காமாலைன்னு ஆஸ்பத்திரியில சேத்தாங்க. பன்னெண்டு நாள்தான். நாப்பத்தாறு வயசு.

நாங்க போய்ச் சேரும்போது பத்து மணி இருக்கும். அந்தத் தெருவுல கிறிஸ்தவங்க கம்மி. அக்கம்பக்கத்துப் பொம்பளைங்க எல்லாம் வந்திருந்தாங்க. நல்ல சனங்க. ஆனா ஒப்பாரி வைக்க ஆரம்பிச்சிட்டாங்க. அன்னபாக்கியத்தைப் பாத்ததும் ரெண்டு பேரு வந்து கட்டிப் பிடிச்சிக்கிட்டு, நீ வளத்த பிள்ளை கிடக்கே தாயின்னு எடுத்தாங்க. இவளும் வாயத் தொறந்துட்டா. ஒரு சத்தம் வந்துது. அவகிட்ட நான் அப்படி ஒரு சத்தம் கேட்டதே இல்ல.

நான் போய் அவ தோள்ல கைய வச்சேன். நம்பிக்கை இல்லாதவங்க அழுற மாதிரி நாம அழக் கூடாது அன்னபாக்கியம்னேன். மெதுவாத்தான் சொன்னேன். சேலை முந்தானைய எடுத்து வாயில வச்சிக்கிட்டா. அப்புறம் அந்தப் பொம்பளைங்களையும் பாத்து, அம்மா, மன்னிச்சிக்கிடுங்க, இது ஜெப வீடுன்னு சொன்னேன். எல்லாரும் எந்திரிச்சு வெளிய போய் நின்னுட்டாங்க. நான் பைபிளத் தொறந்தேன். ரஞ்சிதத்தோட வாழ்க்கைக்காக நாப்பத்தாறு ஸ்தோத்திரம் சொன்னேன், வருஷத்துக்கு ஒண்ணுன்னு. வீடு அமைதியா இருந்துச்சு. தேவசித்தம்கூட அன்னைக்கு என் கையப் பிடிச்சிக்கிட்டு, மாமா, நீங்க இல்லன்னா நான் உடைஞ்சிருப்பேன்னான். அது எங்க விசுவாசத்துக்கு ஒரு நல்ல சாட்சியா இருந்துச்சுன்னு ஊர்ல வந்து பிரசங்கத்துல சொன்னேன்.

மறுநாள் வீட்டுக்கு வந்து, அதுக்கு மறுநாள் காலையில ஜெபம். முதல் ஸ்தோத்திரமே அதைத்தான் வச்சேன். ரஞ்சிதத்தை உம்மிடத்துல எடுத்துக்கிட்டதுக்காக ஸ்தோத்திரம். ஆமென் வரல. நான் காத்திருந்தேன். பால்காரர் வந்து மணி அடிச்சு, யாரும் வரலன்னு போயிட்டாரு. அப்புறமாத்தான் சொன்னா. அவளுக்குத் தேறுதலா இருக்கணும்னு தினமும் அதையே முதல்ல வச்சேன். ஆறு மாசம். ஒரு நாள் விடாம.

இது எந்த ஊரு, கங்கைகொண்டானா? சரி. தூரம் இருக்கு.

அப்புறம் லெந்து நாள் வந்துது. ஈஸ்டருக்கு முந்தின நாப்பது நாளை லெந்துன்னு சொல்லுவோம். மலை மேல ஒரு தேயிலை எஸ்டேட்டு, அங்க ஒரு சின்ன சபை, ஊழியத்துக்கு ஆள் இல்ல. எங்க ஐயர் சின்ன வயசுக்காரர், வந்து ரெண்டு வருஷம் ஆகுது, அவரு கேட்டாரு, லெந்து முழுக்க நீங்க போய் இருக்க முடியுமான்னு. நான் அன்னபாக்கியத்தைப் பாத்தேன். போயிட்டு வாங்கன்னா. நான் கேட்டு முடிக்கவே இல்ல, சொல்லிட்டா. என்ன ஒரு அர்ப்பணிப்புன்னு எஸ்டேட்டுல போய்ச் சொன்னேன்.

அங்க இருக்கும்போது தினம் ஃபோன் பண்ணுவேன். சாப்பிட்டியா, சாப்பிட்டேன். ஜெபம் பண்ணுனியா, பண்ணுனேன். அவ்வளவுதான். குரல் மட்டும் கொஞ்சம் கரகரன்னு இருந்துச்சு. சளியான்னு கேட்டேன். ஆமான்னா.

எங்க சபையில ஒரு ஸ்தோத்திரப் பெட்டி உண்டு. நான்தான் கொண்டாந்தது, அது இருபது வருஷம் இருக்கும். மரப்பெட்டி. வாரம் முழுக்க யாருக்கு என்ன நன்மை நடந்துச்சோ அதை ஒரு சீட்டுல எழுதி உள்ள போட்டுரணும். பேரு போடணும்னு இல்ல. ஞாயித்துக்கிழமை ஆராதனையில நான் அதை எடுத்து வாசிப்பேன், சபையார் எல்லாரும் ஆமென் சொல்லணும். அஞ்சாறு சீட்டு இருக்கும். பரீட்சையில பாஸ், பிரயாணத்துல பாதுகாப்பு, கண் ஆபரேஷன். அவ்வளவுதான் வரும்.

நான் மலையில இருந்து இறங்கி வந்த மறு ஞாயிறு. பெட்டியத் தொறந்தேன். மூணாவதோ நாலாவதோ ஒரு சீட்டு. நான் வாசிச்சேன். "என் வீட்டுக்காரர் நாற்பது நாள் வீட்டில் இல்லாததற்காகக் கர்த்தருக்கு ஸ்தோத்திரம். இப்படிக்கு ஒரு சகோதரி."

ஆம்பளைங்க பக்கம் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன் தம்பி. யாரோ பாவம் அந்த வீட்டுக்காரருன்னு மைக்கிலயே சொன்னேன். அப்புறம் பாத்தா, பொம்பளைங்க பக்கம் ஒருத்தி சிரிக்கல. எல்லாரும் குனிஞ்சு இருக்காங்க. ரெண்டு மூணு பேரு மட்டும் மூணாவது பெஞ்சைத் திரும்பிப் பாக்காங்க. நான் மறுபடி சீட்டைப் பாத்தேன். வீட்டுக்காரர்ங்கிறதுல ரெண்டு ர வருது. ரெண்டுக்கும் காலை நீளமா இழுத்து விட்டிருக்கு. கடைக்குப் போகும்போது அன்னபாக்கியம் எழுதித் தர்ற சீட்டுல அரிசின்னு இருக்கும் பாருங்க, அந்த ர.

ஆமென்னு சொன்னேன். அடுத்த சீட்டை எடுத்து வாசிச்சேன். என்ன வாசிச்சேன்னு ஞாபகம் இல்ல.

வீட்டுக்கு வந்தோம். அவ சோறு போட்டா. கறிக்குழம்பு வச்சிருந்தா. நான் சாப்பாட்டு ஜெபம் பண்ணுனேன், கொஞ்சம் நீளமாவே. குடும்பத்துல தாழ்மை வேணும், நன்றியுள்ள இருதயம் வேணும்னு எல்லாம் சேத்தேன். கண்ணத் தொறந்து பாத்தா அவ சாப்பிட்டுக்கிட்டிருக்கா.

நான்தான் கேட்டேன். "சபைக்கு முன்னால என்னை இப்படித் தலைகுனிய வச்சிட்டியே."

"உங்க பேரை நான் எழுதல."

"நான் வீட்டுல இல்லாதது உனக்கு அவ்வளவு சந்தோஷமா?"

அவ கோவப்படல. அதுதான் எனக்குத் தாங்கல. சோத்தைப் பிசைஞ்சுகிட்டே சொன்னா, "சந்தோஷம்னு எழுதலியே. நாப்பது நாளும் நான் அழுதேன். காலையில அஞ்சு மணிக்கு எந்திரிச்சு, உக்காந்து, சத்தமா அழுதேன். ரஞ்சிதம் பேரச் சொல்லிச் சொல்லி அழுதேன். அடுத்த வீட்டு லீதியாள் வந்து பாத்துட்டு, பக்கத்துல உக்காந்துகிட்டா. அப்புறம் நாலஞ்சு பேரு வந்தாங்க. அதுக்குப் பிறகுதான் எனக்குச் சோறு இறங்குச்சு. தூக்கம் வந்துது. அது ஆண்டவர் குடுத்தது. அதுக்கு ஸ்தோத்திரம் சொல்லணுமா வேண்டாமா? நீங்கதான சொல்லிக் குடுத்தீங்க."

நான் சொன்னேன், அழுறதுக்கெல்லாமா ஸ்தோத்திரம் சொல்லுவாங்க, ரஞ்சிதம் பரலோகத்துல இருக்காள்லா, விசுவாசிக்கு இது அழகான்னு.

"லாசரு கல்லறைகிட்ட ஆண்டவரே அழுதாருங்க."

"அவரு உடனே லாசருவை உயிரோட எழுப்பவும் செஞ்சாருல்லா?"

"அதான் சொல்லுதேன்," அப்படின்னா. "எழுப்பப் போறோம்னு தெரிஞ்சவரே அழுதாரு."

நாப்பது வருஷம் பிரசங்கம் பண்ணுனவன் தம்பி நான். அந்தப் பகுதிய வச்சு மட்டும் முப்பது பிரசங்கம் பண்ணியிருப்பேன். தட்டைக் காலி பண்ணுனேன். குழம்பு நல்லா இருந்துச்சு. அதைக்கூட அவகிட்டச் சொல்லல.

மறுநாள் காலையில அஞ்சு மணிக்குக் கூப்பிட்டேன். அவ எந்திரிக்கல. முழிச்சுத்தான் இருந்தா. நீங்க பண்ணுங்கன்னுட்டுத் திரும்பிப் படுத்துக்கிட்டா. சண்டை போட்டிருந்தா நானும் ரெண்டு வார்த்தை பேசியிருப்பேன். சரின்னு தனியா உக்காந்தேன். நானே ஸ்தோத்திரம் சொல்லி நானே ஆமென் சொல்லிக்கிட்டேன். ஒரு வாரம் ரெண்டு வாரம் ஓடுச்சு. மத்தபடி வீட்டுல ஒரு குறையும் இல்ல. காப்பி வரும், சோறு வரும், என் வேட்டி மடிச்சு இருக்கும். அவ முகங்கூட முந்திக்கு இப்ப தெளிஞ்சு இருந்துச்சு. எனக்குத்தான் ஒண்ணும் ஓடல.

பெட்டிய வாசிக்கிற வேலைய ஐயர்கிட்டக் குடுத்துட்டேன். கண்ணு சரியில்லன்னு சொன்னேன். அதுக்கப்புறம் என்ன ஆச்சுன்னு கேளுங்க, சீட்டு பெருகிப் போச்சு. இருபது, முப்பது. எல்லாம் ஒரு மாதிரி. மகன் ஃபோன்ல பேசும்போது நான் அழாம இருந்ததுக்கு ஸ்தோத்திரம். இந்த வாரம் வீட்டுக்காரர் குடிச்சிட்டு வந்தாலும் அடிக்காததுக்கு ஸ்தோத்திரம். அம்மா செத்தபோது எனக்கு நிம்மதியா இருந்துச்சு, ஆண்டவரே மன்னியும், ஆனாலும் ஸ்தோத்திரம். ஐயர் வாசிக்கும்போது ஆளுங்க மூக்க உறிஞ்சுற சத்தம் கேக்கும். ஆமென் மட்டும் கூரைய இடிக்கும். என் காலத்துல அப்படி ஒரு ஆமென் வந்ததில்ல. இதெல்லாம் சபையில வாசிக்கத் தக்கதான்னு ஐயர்கிட்டக் கேட்டேன். அண்ணாச்சி, இருபது வருஷம் கழிச்சு இப்பத்தான் பெட்டி நிறைஞ்சிருக்குன்னாரு. என்னைக் குத்திக் காட்டணும்னு சொல்லல. நல்ல மனுஷன்தான்.

போன மாசம் ஒரு நாள் காலையில வழக்கம்போல உக்காந்தேன். அறுபது வரைக்கும் வந்துது. அறுபத்தொண்ணு வரல. தேடுறேன், தேடுறேன், ஒண்ணும் அகப்படல. தண்ணி, வெளிச்சம், கண்ணு எல்லாம் சொல்லியாச்சு. சும்மா உக்காந்திருந்தேன். அப்ப அந்த ஜீப் ஓட்டுன பையன் நினைப்பு வந்துது. அவன் பேரு எனக்குத் தெரியாதுங்கிறதே அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. மூணு நாள் என்னை அந்தக் கூட்டத்துக்குக் கூட்டிக்கிட்டுப் போய்க் கூட்டிக்கிட்டு வந்தவன். தம்பி தம்பின்னு கூப்பிட்டே காலத்தைக் கழிச்சிட்டேன். விசாரிக்கலாம்னா இப்ப யாருகிட்டப் போய் விசாரிக்க?

அன்னபாக்கியம் காப்பி கொண்டாந்து வச்சா. என்ன, நூறு முடிஞ்சுதான்னு கேட்டா. இல்லன்னேன். கொஞ்ச நேரம் கட்டில் ஓரத்துல உக்காந்திருந்துட்டு எந்திரிச்சுப் போயிட்டா. அவ்வளவுதான். வேற ஒண்ணும் நடக்கல. ஆனா அதுக்குப் பிறகு நான் எண்ணுறதில்ல. சில நாள் பத்து வரும். சில நாள் ஒண்ணு.

இன்னைக்கு ரஞ்சிதத்துக்கு வருஷம். அன்னபாக்கியம் ஒரு வாரமாவே சொல்லிக்கிட்டிருந்தா, நான் முந்தின நாளே போறேன், அந்தத் தெருப் பொம்பளைங்களை எல்லாம் கூப்பிட்டிருக்கேன்னு. எதுக்குன்னு கேட்டேன். அன்னைக்குப் பாதியில விட்டதை முடிக்கணும்லான்னா. ஒப்பாரிக்கான்னு கேட்டேன். ஆமான்னா. கொஞ்சங்கூடத் தயக்கம் இல்ல.

நானும் வரட்டுமான்னு கேட்டேன். கல்யாணம் ஆகி முப்பத்தெட்டு வருஷத்துல நான் அவகிட்ட வரட்டுமான்னு கேட்டது இதுதான் முதல் தடவைன்னு நினைக்கேன். யோசிச்சா. நல்லாவே யோசிச்சா. அப்புறம் சொன்னா, "வாங்க. ஆனா ஜெபம் பண்ண வேண்டாம். பாட்டு எடுக்க வேண்டாம். யாருக்கும் ஆறுதல் சொல்ல வேண்டாம். சும்மா வந்து உக்காருங்க."

சரின்னுட்டேன்.

இது கயத்தாறுதானே? இன்னும் அரை மணி நேரம் இருக்குமா. இருக்கும்.

அங்க வாயத் தொறக்கக் கூடாதுங்கிறதாலதான் இங்க இவ்வளவு பேசிட்டேன் போல. உங்களைத் தூங்க விடல. பாருங்க, பைகூட இல்லாம வந்திருக்கேன். நான் சாவு வீட்டுக்கு இப்படிப் போனதே இல்ல. எத்தனை வீடு போயிருப்பேன், ஆயிரம் இருக்கும். போனதும் என்ன செய்யணும்னு எனக்குத் தெரியும். செருப்பைக் கழட்டுவேன், நேரா தலைமாட்டுக்குப் போவேன், பைபிளத் தொறப்பேன், எல்லாரும் எனக்கு வழி விடுவாங்க. மத்தவங்க எங்க உக்காந்திருக்காங்க, என்ன செய்யுறாங்கன்னு நான் பாத்ததே இல்ல.

நீங்க போயிருப்பீங்கள்லா தம்பி, சொந்தக்காரங்க வீட்டுக்கு, சும்மா ஒரு ஆளா. அங்க போய் உக்காந்தா, அவங்க அழுதுகிட்டிருக்கும்போது, கைய எங்க வச்சுக்கிடுவீங்க?